மைனஸ் ஒன்றே முக்கால்

கடை டிராயரில் ஆடியிலிருந்து கிடந்தது
சவரிமுத்துவின் கண்ணாடி.
உறைமேல் முதலாளி எழுத்து:
முன்பணம் இருநூறு, பாக்கி நானூற்றைம்பது,
மலையில் வாட்ச்மேன், இறங்கும்போது வாங்குவார்.
ஆவணி போயிற்று, புரட்டாசியும்.
அவர் இறங்கவில்லை.

எனக்கு லீவு இரண்டு நாள் மிச்சம்.
அம்பையில் பிறந்து முப்பத்தாறு வருஷம்,
மலைக்குப் போனதில்லை.
மாடியில் துணி காயப்போடும்போது
மேற்கே நிற்கும்.
கறுத்தால் துணியை எடுப்பேன்.
அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

ஐப்பசி பத்து, காலை பஸ்.
மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் பையைத் துழாவியவர்
கண்ணாடியைத் தன் மூக்கில் வைத்துப் பார்த்து
“கிறுகிறுங்கு” என்று திருப்பித் தந்தார்.
பஸ்ஸுக்குள்ளும் மழை.
“அந்த சீட்டு வேண்டாம்க்கா, ஒழுகும்.”
“எதுதான் ஒழுகாது?”
“டிரைவர் சீட்டு. அதுவும் பாதி.”

வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன்.
பதினொன்றில் முன்சீட்டுப் பெண் வாந்தியெடுத்தாள்,
எண்ணிக்கை விட்டுப்போனது.
அதற்குமேல் என் நைலக்ஸ் சேலை
எதற்கும் ஆகவில்லை.
பெரும்பொழுது ஆறு, அதில் கூதிர் ஒன்று,
எழுதி அரை மார்க் வாங்கியிருக்கிறேன்.
கீழே ஐப்பசி என்றால் கொசு, காயாத பாவாடை.
இங்கே அது
பின்னாலிருந்து கழுத்தில் கை வைத்தது.

இறக்கிவிட்ட இடம்தான் பள்ளத்தாக்கு என்றார்கள்.
இட்லிக் கொப்பரை திறந்த நேரம்போல் ஒரே ஆவி,
ஆனால் குளிர்ந்த ஆவி.
இடுப்பளவு என்று நினைத்திருந்த தேயிலை
வெட்ட ஆளில்லாமல் மரமாகி நின்றது.
வரிசை வீடுகள். பூட்டு. பூட்டு.
ஒரு கதவில் பூட்டுக்குப் பதில்
சேலைக் கிழிசலால் முடிச்சு.
ஓடை ஒன்று எங்கேயோ
முகம் காட்டாமல் பேசிக்கொண்டே இருந்தது.

கடைசி வீட்டில்
ரேடியோவுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார்.
“யாரு?”
நாலடி தள்ளித்தான் நின்றேன்.
“கண்ணாடிக் கடை.”
“பாக்கி வாங்கவா வந்திய?”
“கண்ணாடி கொடுக்க.”
யோசித்தார். “ரெண்டும் ஒண்ணுதான.”

காதுக்குப் பின்னால் வளைவைச் சரிசெய்தேன்.
கடையில் கேட்பதுபோலவே கேட்டேன்:
“தூரத்துல என்ன தெரியுது?”
பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பினார்.
நிதானமாகப் பார்த்தார்.
“போடாம எப்படி இருந்துச்சோ
அப்படித்தான் இருக்கு.”

கடையென்றால் எழுத்துப் பலகை உண்டு.
இங்கே மலை எழுதியதையெல்லாம்
மஞ்சு அழித்துவைத்திருந்தது.

கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்.
“ரெண்டு வருஷமா
கண்ணு மங்கலா, இடம் மங்கலான்னு
எனக்குப் பிடிபடல.
கேக்கலாம்னா பக்கத்துவீட்ல ஆள் இல்ல.
அதான் கடைக்கு வந்தேன்.”
நான் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.
சூடு போன பிறகும்.

அப்போது காற்று திரும்பியது.
எதிர்ச்சரிவில் ஒரு கிழிசல்.
அதற்குள் காடு, காட்டுக்குள்
கொழுந்து விட்ட நாங்கு மரம் ஒன்று
அறுத்த ஈரல் நிறத்தில்.
காலண்டர் படங்களில்
உதிரப்போகிற இலைதான் சிவப்பு.
இது இப்போதுதான் பிறந்தது.
“அங்க பாருங்க, அங்க!” என்றேன்.

அவர் பார்க்கவில்லை.
குனிந்து, கண்ணாடி வழியே,
என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
“அட்டை” என்றார். “மூணு.
குதிகால்ல இருக்கது குடிச்சு முடிச்சிட்டு.”
உப்பெடுக்க ஓடினார்.
படியில் தடுக்காமல் ஓடினார்.
நான் நிமிர்ந்தபோது மரம் இல்லை,
சரிவும் இல்லை.

பாக்கியில் முந்நூறு தந்தார்,
மீதிக்கு ஒரு பொட்டலம் மிளகு.
ரசீது எழுத விரல் மடங்கவில்லை.
“பவர் சரியாத்தான் இருக்கு,
முதலாளிட்ட சொல்லுங்க.”

மணிமுத்தாறு தாண்டியும் ரத்தம் நிற்கவில்லை.
கண்டக்டர் நாலு டிக்கெட் கிழித்து
எச்சில் தொட்டு ஒட்டச் சொன்னார்.
ஒட்டினேன். ஒன்றில்
ஏறிய இடம் மட்டும் நனையாமல் இருந்தது.