வாசனையில்லாத சோப்பு

ஜூலையில், காரின் பின்சக்கரத்துக்குக் காற்றடித்தபடியே சொன்னாள்:
"இந்த வருஷம் நானும் மான் வேட்டைக்குப் போகிறேன்."
ஏனென்றேன். மாட்டிறைச்சி விற்கிற விலை, என்றாள்.
இன்னொரு நாள், எங்காவது
பேசாமல் உட்கார்ந்து பார்க்கவேண்டும், என்றாள்.
மூன்றாம் முறை நான் கேட்கவில்லை.

ஐம்பத்தோரு வயதில் ஆர்லிஸ்
பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து
துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பை முடித்தாள்.
தேர்வில் ஒரேயொரு தவறு:
எந்தக் கோணத்தில் நிற்கும் மானைச் சுடக்கூடாது என்பது.
செத்துப்போன அண்ணன் கெர்மிட்டின் துப்பாக்கி
எங்கள் அலமாரியில், என் ஒரே கோட்டுக்கும்
அவளுடைய கல்யாணச் செருப்புப் பெட்டிக்கும்
நடுவில் நின்றது.

நானும் ஒருமுறை போயிருக்கிறேன், பதினாலு வயதில்.
அதைப் பற்றிக் கேட்காதே என்று
கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவைத்தேன்.
விஸ்கான்சினின் இந்த வடக்கு மூலையில்
நவம்பரில் காட்டுக்குப் போகாத ஆண்பிள்ளை
அவ்வளவு சுலபமாக ஒளிந்துகொள்ள முடியாது.
ஆனால் அவள் கேட்டதில்லை.
இருட்டில் நாற்காலியைச் சுற்றி நடப்பதுபோல
அதைச் சுற்றியே நடந்தாள்.

பிறகு அந்தச் சோப்பு வந்தது.
பச்சைக் கட்டி. எதன் வாசனையும் இல்லாதது.
அதைப் போட்டுக் குளித்தாள், அதன் தூளில் துவைத்தாள்,
ஆரஞ்சு மேல்சட்டையைப் பைன் கிளைகளோடு
கொட்டகையில் தொங்கவிட்டாள்.
மானுக்கு மூக்குதான் கண், என்றாள்.
வாசல் கம்பியில் ஒரு நூலைக் கட்டி
காற்று யார் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தொன்பது வருஷமாகக் கடையில் ரொட்டிப் பிரிவு.
அதிகாலை மூன்றுக்குப் போய் மதியம் திரும்பினால்
கழுத்தில் இலவங்கப்பட்டை, விரல்களில் ஈஸ்ட்,
காதுமடலின் பின்னால் கருகிய சர்க்கரை.
விளக்கு போடாமலே சொல்லிவிடுவேன்
எந்த அறையில் இருக்கிறாளென்று.

இரண்டு வாரம் லீவு போட்டிருந்தாள்.
சீசனுக்கு முந்தின இரவு பக்கத்தில் படுத்தாள்,
மணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாக
மணமில்லாமல்.
மூச்சு இருந்தது. குளிர்ந்த பாதம்
வழக்கம்போல என் கெண்டைக்காலைத் தேடியது.
ஆனாலும் நான் யாரோ ஒருத்தியின் பக்கத்தில் கிடந்தேன்.
செத்தால் இப்படித்தானா, முதலில் போவது வாசனைதானா
என்று கேட்க வாயெடுத்து
அலாரம் வைத்தாயா என்று கேட்டேன்.

சனிக்கிழமை ஒன்றுமில்லை. ஞாயிறு, ஒரு அணில்.
திங்களன்று ஒரு பெண்மான், பின்னால் இரண்டு குட்டிகள்.
பார்த்துக்கொண்டே இருந்தேன், கால் மரத்துப்போயிற்று, என்று
சூப்பை ஆறவிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்.
செவ்வாய் எதுவும் சொல்லவில்லை.

புதன் இருட்டிய பிறகு போன்:
"கயிறு எடுத்துக்கொண்டு வா. ஓடைக்கு அந்தப் பக்கம்."

பனியில் அவள் தடத்தைப் பிடித்துப் போனேன்.
பக்கத்திலேயே, புள்ளி புள்ளியாக, இன்னொரு தடம்.
ஓரிடத்தில் புள்ளிகள் நின்றிருந்தன;
அங்கே அவள் முழங்காலில் தவழ்ந்து தேடியிருக்கிறாள்,
உள்ளங்கைகள் பதிந்திருந்தன.
மானுக்குப் பக்கத்தில், கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.
சின்னக் கொம்பு, இரண்டு வயதிருக்கும்.
"முதல் குண்டு சரியாகப் படவில்லை.
இரண்டு மணிநேரம் பின்னாலேயே வந்தேன்."

டார்ச்சைத் தரைப்பக்கம் திருப்பினேன்.
"நான் போகவில்லை," என்றேன்.
"அன்றைக்கு. என்னுடையது ஓடிப்போனது. நான் பின்னால் போகவில்லை.
அப்பாவிடம் குறி தப்பிவிட்டது என்று சொன்னேன்."

கொஞ்ச நேரம் ஓடை மட்டும்.
பிறகு, "பின்னங்காலைப் பிடி," என்றாள்.

கொட்டகையில் தொங்கவிட்டு முடிக்கும்போது பதினொன்று.
சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.
பூட்ஸைக் கழற்றக் குனிந்தேன்.
ரத்தம், ஈரக் கம்பளி, மானின் வயிற்று நெடி,
எல்லாவற்றுக்கும் அடியில்
வேறொன்று: உப்பும் புளிப்புமாய், சூடாக.
ரொட்டிக்குப் பின்னால் இத்தனை வருஷம் இருந்தது இதுதான் போல.
அப்படியே கொஞ்சம் குனிந்திருந்தேன்.

ஈரத்தில் இறுகிய முடிச்சு அவிழவில்லை.
கத்தரிக்கோல் தேடி எழுந்தேன்.