இறக்கை கடந்த ராத்திரி

ஆட்டுப்பொத்தை ரயில்வே கேட்டில் எனக்கு இரவுப் பணி.
ஆனி மாதம். கணவாய்க்காற்று
கூரைத் தகரத்தில் ஒரே ஒரு ஆணியைத் தளர்த்திவிட்டு
அதோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

பத்தே முக்காலுக்கு ஸ்டேஷனிலிருந்து போன்.
"இறக்கை வருது. மேல்கம்பியில் கரண்ட் எடுத்தாச்சு.
நம்பர் எழுதிக்கோ, எழுபத்தாறு."
எழுதினேன். என் எண் பத்தொன்பது, சொன்னேன்.
முகம் பார்க்காத இரண்டு பேர் இருட்டில் நம்பிக்கொள்ள
இவ்வளவு போதும்.

முதலில் மஞ்சள் விளக்கு சுழற்றி ஒரு ஜீப்.
பிறகு லாரியின் தலை.
பிறகு இறக்கை
இறக்கை
இன்னும் இறக்கை,
கழுவி வைத்த எலும்பின் வெள்ளையில்.
வால்பக்கத்துக்குத் தனி ஸ்டியரிங். அதைப் பிடித்து
பின்னோக்கி உட்கார்ந்திருந்த பீகார்ப் பையன்
ஊரை விட்டுப் போகிறவன்போல
ஊருக்குள் வந்துகொண்டிருந்தான்.

ரேஷன்கடை முக்கில் திரும்பவில்லை.
போஸ்ட் கம்பி தடுத்தது.
லைன்மேன் வில்பிரட் பீஸைப் பிடுங்கினார்,
ஊர் அணைந்தது.
பின்னால் நின்ற கடைசி பஸ்ஸிலிருந்து ஒரு குரல்:
"கரண்ட் உண்டாக்குத சாமானைக் கொண்டுபோக
எங்க கரண்டை நிறுத்துதியளாவே?"
போஸ்ட் மேலிருந்து பதில் வந்தது:
"அது எங்கெல்லாமோ போய்ட்டுத்தான் மக்கா
நம்ம வீட்டுக்கு வரும். உம்ம பஸ்ஸு மாதிரி."
பொத்தைக்கு அப்பால்
நூறு காத்தாடிகளின் சிவப்புக் கண்கள்
அணைந்து அணைந்து எரிந்தன.

இருட்டில் எப்படித் திருப்ப?
டிரைவர் சுயம்புலிங்கம் பஸ்ஸை ஓரம் சாய்த்து
ஹெட்லைட்டைப் பிடித்துக் கொடுத்தார்,
முப்பது நிமிஷம், இஞ்சினை அணைத்துவிட்டு.
டீசல் கணக்கு டிப்போவில் கேட்பார்கள்.

இறக்கை தண்டவாளம் தாண்டியபோது
பக்கத்தில் நடந்தேன். எழுபத்தோரு எட்டு.
கை வைத்துப் பார்த்தேன்.
பகல் வெயில் இன்னும் உள்ளே இருந்தது.

அப்புறம் பஸ் கிளம்பவில்லை.
பேட்டரி செத்துக் கிடந்தது.
"நாகர்கோவில் வண்டி சிக்னலில் நிக்குது,
கேட்டை மூடு" என்றது போன்.

இறங்கினார்கள்.
ஜவுளிக்கடை வேலை முடிந்த மூன்று பெண்கள்,
வாழைத்தார் வியாபாரி செல்வமணி,
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றி
புறங்கையில் ஊசியோடு திரும்பிய ரோணிக்கம்.
"நீ தள்ளாதே" என்றார்கள்.
அவள் மற்ற கையால் தள்ளினாள்.
வில்பிரட் போஸ்டிலிருந்து குதித்தார்.
பீகார்ப் பையன் ஓடி வந்து
எங்களுக்குப் புரியாத ஒரு தாளத்தைக் கூவினான்.
அதற்கே தள்ளினோம். நானும்தான்,
கொடியை இடுப்பில் செருகிக்கொண்டு.

சக்கரம் தண்டவாளத்தில் ஒருமுறை தயங்கியது.
ஏறியது. இறங்கியது.

கேட்டை மூடி எண் சொன்னேன்: நாற்பது.
ரயில் போனது. அதன் ஜன்னல் வெளிச்சம்
ரேஷன்கடைப் பூட்டின்மேல், பஸ்ஸின்மேல்,
மூச்சு வாங்கி நின்ற முகங்களின்மேல்
கட்டம் கட்டமாக ஓடி முடிந்தது.

டார்ச்சை வாயில் கவ்விப் பதிவேட்டைத் திறந்தேன்.
கேட் தாமதம் ஒன்பது நிமிடம்.
காரணம்: இறக்கை.

காலையில் இன்ஸ்பெக்டர் கேட்பார்
எந்தப் பறவை என்று.