தூலம்

மஞ்சக்குப்பத்தில்
சைக்கிள் உதிரிபாகக் கடைக்கு மேல் என் ஒலிப்பதிவுக் கூடம்.
முட்டை அட்டை ஒட்டிய சுவர்.
பஸ் ஹாரன் கொஞ்சம் அடங்கும் ராத்திரி பத்துக்கு மேல்தான் வேலை.

புதுச்சேரியில் ஒரு சங்கம் பணம் கொடுத்தது.
இரண்டு குரல், எட்டுப் பாட்டு, ஓர் ஆல்பம்.
நெல்லித்தோப்புக் கோயில் பாடகர் குழுவில்
முப்பது வருஷமாக நிற்கும் செலஸ்தீன்.
தேவனாம்பட்டினத்தில்
சாவு விழுந்தால் பறைக்கு முன்னால்
ஆள் அனுப்பி அழைக்கும் அஞ்சலாட்சி.

முதல் மூன்று பாட்டும்
உப்பையும் சர்க்கரையையும் ஒரே டப்பாவில் கொட்டியது போல.
செலஸ்தீன் தாளைப் பார்த்துப் பாடினாள்.
அஞ்சலாட்சி செலஸ்தீனைப் பார்த்துப் பாடினாள்.
காதுக்குள் நான் ஓடவிட்ட தாளத்தை
"எவன்டா இவன், ஆணி அடிக்கிறான்" என்று
கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.
எந்தச் சுருதி என்று கேட்டாள் செலஸ்தீன்.
"தொண்டை எங்க அடைக்குதோ அங்க."

நான்காவதுக்கு நேரே
'ஒப்பாரி, நான்கு நிமிடம்' என்று எழுதியிருந்தது.
மைக்கை இறக்கினேன். விளக்கு சிவந்தது.
அவள் வாய் திறக்கவில்லை.
"யாரு செத்தது?"
யாரும் சாகலம்மா, ரெக்கார்டிங்.
"சாவு இல்லாம வாயெடுத்தா
ஒரு சாவு வந்து நிக்கும், தம்பி."
சங்கத்துக்கு என்ன எழுதுவது என்று
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

செலஸ்தீன் தாளை நாலாக மடித்தாள்.
"எனக்கு ஒரு அண்ணன் இருக்கான்" என்றாள்.
அந்த 'இருக்கான்'ஐ
என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா நின்றாள்.
அந்துவான். சொல்தாவாகப் போனவன்.
பென்ஷன் வாங்கி அங்கேயே தங்கினவன்.
தூலோனில் அடக்கம்.
விசா கிடைக்கவில்லை, போனில் பார்த்தாள்:
மழை, ஏழெட்டுக் குடை,
படம் பிடித்தவனின் கட்டைவிரல்.

அஞ்சலாட்சி விசாரித்தாள்,
தையல்காரன் அளவெடுப்பது போல.
எவ்ளோ உசரம். மீனுல எது உசுரு.
கட்டினவ அழுதாளா. எந்த ஊருன்னு சொன்ன?
"தூலோன்."
"இன்னா?"
"தூலோன். நம்ம ஊர் மாதிரிதான், துறைமுகம்."
அஞ்சலாட்சி முந்தானையை வாயில் வைத்து எடுத்தாள்.

     வஞ்சிரத்தை வாங்கி வச்சேன்
     வந்து திங்க ஆளு இல்லே
     ஆறடி ஆளுக்கங்கே
     அளந்த குழி பத்தலையோ
     தூலம் விழுந்ததம்மா
     தாயி வீட்டுத் தூலம் விழுந்ததம்மா
     கூரை இன்னும் நிக்குதம்மா

செலஸ்தீன் திருத்தக் கை தூக்கினாள்.
பிரெஞ்சு டியூஷன் எடுப்பவள்.
ஒரு மெய்யெழுத்து தப்பினாலும்
பூசையென்றும் பார்க்காமல் பாட்டை நிறுத்துகிறவள்.
கை அந்தரத்தில் நின்றது.
பிறகு கீழே, வெகு கீழே,
தாளில் இல்லாத ஓரிடத்தில்
இலத்தீனில் நுழைந்தாள்.

அவள் சுருதி பிசகி நான் கேட்டது அந்த ஒருதரம்தான்.
பிசகிப் போய்
மற்றவள் அழுகையின் பக்கத்தில் நின்றது.
சேரவில்லை. மயிரிழை விலகல்.
அந்த விலகலில் ஒரு துடிப்பு,
யாரும் பாடாத மூன்றாவதொன்று,
என் மேசைமேல் டீ டம்ளரில் வட்டம் வட்டமாக.

பதினோரு நிமிடம்.
ஏழாவது நிமிடத்தில் சிதம்பரம் போகும் கடைசி வண்டி
ஹாரன் அடிக்கும். எடுக்கவில்லை, இருக்கிறது.
அட்டை அச்சாகும்போது சங்கத்தில் கேட்டார்கள்,
தலைப்பு எழுத்துப்பிழையா என்று.
இல்லை என்று செலஸ்தீனே பதில் எழுதினாள்.

அன்று ராத்திரி பாட்டு நின்றதும்
அஞ்சலாட்சி எழுந்தாள்,
செருப்பைத் தேடி மாட்டினாள், இறங்கிப் போய்விட்டாள்.
போயிட்டு வரேன் என்று ஒரு சொல் இல்லை.
பணம் பத்தவில்லையோ,
நான் ஏதும் சொல்லிவிட்டேனோ என்று
படிவரை ஓடினேன்.
"விடு" என்றாள் செலஸ்தீன்.
"சாவு வீட்ல சொல்லிட்டா போவாங்க?"

கீழே, கடையோரக் குழாயில்
யாரோ தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம்.
மைக்கை நான் இன்னும் மூடவில்லை.