மூன்றாவது கேள்வி

கைகழுவ எத்தனை நொடி என்கிறது தாள்.
கெமிகிஷாவுக்குத் தெரியும்.
விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு:
தூக்கத்தில் கேட்டாலும்
கைதான் முதலில் பதில் சொல்லும்.

ஃபோர்ட் போர்ட்டலில் நேற்றிலிருந்து
குழாய் வெறுமனே இருமுகிறது.
மஞ்சள் ஜெர்ரிகேனில் அடித்தண்ணீர்.
பிரசவ வார்டில் பதினோரு பேர்.
ஒருத்தியிடமிருந்து அடுத்தவளிடம் போகிற
நாலடி தூரத்தில்
என்னவெல்லாம் கூட வரும் என்று
அவளுக்குத் தெரியும். அதுதான் தொல்லை.

ஒரு குவளை ஊற்றினாள். எண்ணினாள்.
பாதியில், எட்டாம் கட்டிலிலிருந்து அலறல்.
எண்ணி முடித்துத்தான் போனாள்.

'கல்நெஞ்சுக்காரி' என்றாள்
வாசலில் நின்ற யாரோ ஒருத்தி.

இரவில், வெடித்த விரலால் பேனாவைப் பிடித்து
விடை எழுதினாள்: நாற்பது.
பக்கத்தில், ஓரத்தில், பொடி எழுத்தில்:
யாராவது அலறினால்
இன்னும் நீளம்.