ஏப்ரல், இரண்டாவது செவ்வாய்

ஹாட்டன் க்ராஸ் தீர்ப்பாயத்தில்
மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம் கூரையை உரசும்.
நீதிபதி பேனாவை மூடுவார்.
பாதிச் சொல்லோடு வாயைத் திறந்தபடி
நாங்கள் காத்திருப்போம்,
வானமும் ஒரு சாட்சி என்பதுபோல.

நான் மொழிபெயர்ப்பாளன்.
எங்கள் தொழிலில் படர்க்கை கிடையாது.
'அவர் சொல்கிறார்' என்று தொடங்கினால் பிழை.
பத்து மணிக்கு நான் வல்வெட்டித்துறை மீனவன்,
இரண்டு மணிக்கு மூன்று பிள்ளைகளின் தாய்.
சட்டைப்பையில் இருக்கும் பயண அட்டையும்
இருமல் மிட்டாயும்தான் என்னுடையவை.

அன்று நான் குணபாலசிங்கம்.
(பெயரை மாற்றியிருக்கிறேன்.
மாற்றியதைக்கூட வெளியே சொல்லக் கூடாது.)

அவருடைய வழக்கறிஞர் பிரிட்ஜெட் ஒக்கென்டன்
ஒரு கையில் ஆறு கோப்பு, மறு கையில்
பிஸ்கட் டின்னோடு வந்தார்.
அலுவலகத்தில் யாரோ கொடுத்ததாம். மூடியில் மஞ்சள் தாள்:
இன்று வழக்கறிஞர்களிடம் அன்பாக இருக்கும் நாள்.
அரசு விடுமுறை இல்லை. நாள்காட்டியில் சிவப்பும் இல்லை.
எங்கோ யாரோ தொடங்கிவைத்தது.
உள்துறைத் தரப்பு இளைஞனும் ஒன்று எடுத்தான்.
நீதிபதி சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்:
"அவருக்கும் சொல்லுங்கள். அவரும் நம்மோடு சிரிக்கட்டும்."

அன்பா? இரக்கமா? கருணையா?
கருணை என்றால் மனு வாசம் அடிக்கும்.
இரக்கம் மேலிருந்து கீழேதான் வழியும்.
விமானம் ஒன்று போய் முடிவதற்குள்
"லோயர்மாரோட நல்லமாதிரி நடக்கிற நாளாம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.
முழங்காலில் கால்சட்டைத் துணியை நீவியபடி கேட்டார்:
"எங்கட அப்புக்காத்தரைக் கொண்டுபோன நாளோ?"

அப்புக்காத்து.
முப்பது வருஷமாய் என் காதில் விழாத சொல்.
கப்பலில் வந்து, எங்கள் வாயில் உடைந்து,
உடைந்தபடியே கோட்டுப் போட்டு நிமிர்ந்து நின்ற சொல்.
அதை ஆங்கிலத்தில் சொன்னபோது
உடைந்த இடம் மட்டும் என் நாக்கில் தங்கிவிட்டது.

சொல்லுங்கள் என்றார் நீதிபதி. நான் சொன்னேன்:

என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.
ஆட்கொணர்வு மனுப் போட ஒரே ஒருவர்தான் வந்தார்.
ஹொண்டா பிஃப்டியில் வருவார். கறுப்புக் கோட்டை
கசங்காமல் மடித்து மடியில் வைத்திருப்பார்.
காசு வாங்கவில்லை.
ஒருமுறை முருங்கைக்காய் கொடுத்தேன், வாங்கினார்.
மூன்றாம் தவணைக்கு நீதிமன்றத்தில் நான் மட்டும் நின்றேன்.
சைக்கிள் மதகடியில் சாய்ந்து கிடந்தது. கோட்டு இல்லை.
எனக்குத் திகதி தெரியாது.
தெரிந்திருந்தால் நானும் ஒரு நாள் வைத்திருப்பேன்.

விமானம்.
யாரும் எதையும் மெல்லவில்லை.

இளைஞன்தான் முதலில் பேசினான்.
அவனுடைய வேலை அது, குறை சொல்ல மாட்டேன்.
"இது உங்கள் வாக்குமூலத்தில் இல்லையே?"

"என்னைப் பற்றித்தான் கேட்டவை.
லோயரைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்ல."

பிரிட்ஜெட்டின் பேனா நின்றது.
பதினோரு மாதம், நான்கு சந்திப்பு;
அவர் மனதுக்குள் பக்கங்களைப் புரட்டியது
எனக்கே கேட்டது.

மாலையில், நிலத்தடி ரயில் நிலையப் படியில்
அவர் என்னை மறித்தார். நாங்கள் பேசக் கூடாது.
"வழக்கைப் பற்றி இல்லை," என்றார்.
"அந்தச் சொல்லை மட்டும் எழுதித் தாருங்கள்."
எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.
டின்மூடியின் மஞ்சள் தாளில், அன்பாக இருங்கள் என்பதற்குக் கீழே,
அவர் எழுதிக்கொண்டார், 'த்' ஒன்று குறைவாக.
நான் திருத்தவில்லை.

தீர்ப்பு ஆறு வாரம் கழித்துத் தபாலில் போகும்.
எனக்கு வராது.
முடிவு எங்களுக்குத் தெரிவதில்லை, யாராயிருந்தோமோ
அவர்கள் என்ன ஆனார்கள் என்று.
அன்றைய படிவத்தில் நிரப்பினேன்:
மொழி, தமிழ். காத்திருப்பு, நாற்பது நிமிடம்.

மறுநாள் புதன். யாருடைய நாளும் இல்லை.
பத்து மணியிலிருந்து நான் ஒரு பெண்.