குளிர்ந்த இடம்

காது மடலைக் கிள்ளிப் பிடித்து
ரத்தம் ஒதுங்கி வெளிறியதும்
பிளேடு முனையால் ஒரு கீறல்.
தெய்வசிகாமணி முகம் சுளிக்கவில்லை.
"எறும்பு கடிச்சா இதவிட வலிக்கும் மேடம்" என்றார்.
எனக்கு அது நல்ல செய்தி அல்ல.

ஓட்டேரியில் பதினெட்டு வருஷமாக இஸ்திரி வண்டி.
தண்ணீர் தொட்ட விரலால்
பெட்டியின் அடியைத் தட்டிச் சூடு பார்ப்பவர்
போன ஆடியில் விரலை எடுக்க மறந்துவிட்டார்.
தீய்ந்த வாசனை வந்ததும்
எந்த வீட்டு வேட்டி என்று பதறிப்போய்
துணிகளைப் புரட்டினாராம்.

லென்ஸுக்கு அடியில்
நீலத்தில் சிவப்புக் குச்சிகள்,
பிரிக்காத ஊதுவத்திக் கட்டு மாதிரி.
எந்தக் கண்ணாடித் தட்டிலும் வளராத ஜீவன்.
நூறு வருஷத்துக்கு மேல் ஊட்டிப் பார்த்தாயிற்று.
பன்னிரண்டு பதினாலு நாளைக்கு ஒருமுறை
சோம்பல் முறித்து ஒன்று இரண்டாகும்.
சூடு ஆகாது அதற்கு.
மூக்கு நுனி, காது மடல், முழங்கை என்று
காற்றாடும் இடமாகப் பார்த்துக் குடியேறும்.
அக்னி நட்சத்திரத்தில் கரிப்பெட்டியோடு நிற்கிறவருக்குள்
ஒரு நிழலைக் கண்டுபிடித்திருக்கிறது.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பிராணிக்கும்
உடம்பு நம்மைவிடச் சில்லென்று.
ஆர்மடில்லோ.
பார்த்தால் நம் அழுங்குக்குச் சொந்தம் போல இருக்கும்,
சொந்தம் இல்லை.
முதுகில் ஓடு வேய்ந்துகொண்டு
ராத்திரியில் மண் கிளறிப் புழு தின்று
யாருக்கும் வாடகை தராமல் வாழ்கிறது.
அதைப் பிடித்தவர்க்கும் தின்றவர்க்கும் இந்த நோய் வருவதுண்டு
என்று படித்தபோது
சனியன் என்றுதான் என் வாயிலும் வந்தது.
அடுத்த பக்கத்தில் இருந்தது,
அதற்குக் கொடுத்ததே மனிதர்கள் என்று.
கப்பலேறிப் போனவர்கள்
மூச்சிலும் தோலிலும் கொண்டுபோய் இறக்கியது.

மண் எடுக்கப் போனேன்.
பதினோரு குடித்தனத்துக்கு ஒரே குழாய்.
பாசி, அரிசி களைந்த தண்ணீர், உடைந்த குடம்,
வெயில் எட்டாத ஒரு முழம் ஈரம்.
ஸ்பூனால் சுரண்டிக் குப்பியில் போடும்போது
வீட்டுக்கார அம்மா படியில் நின்றே கேட்டார்:
"அந்தாளக் காலி பண்ணச் சொல்லிட்டேன்,
இன்னும் எதுக்கு மண்ணத் தோண்டுற?"

ஜெல்லில் ஒரு கோடு விழுந்தது, மெல்லிசாக.
மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும்.
உயிரோடு இருப்பதா செத்ததன் மிச்சமா
அது சொல்லாது.
இவர் காதிலிருந்து மண்ணுக்கா,
மண்ணிலிருந்து இவர் காதுக்கா,
அதையும் சொல்லாது.
'கண்டறியப்பட்டது' என்று எழுதிவிட்டு
அடுத்த சொல்லுக்கு அரைமணி உட்கார்ந்திருந்தேன்.
அந்த அம்மாவிடம் சொன்னால்
மண்ணையும் காலி பண்ணச் சொல்வார்.
அதற்கு அட்வான்ஸ் திருப்பித் தர வேண்டியதில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன்.
மாத்திரை ஆரம்பித்த சில நாளிலேயே
அவரிடமிருந்து யாருக்கும் பரவாது என்று
வாரம் இரண்டு முறை மைக் பிடித்துப் பேசுகிறவள் நான்.
என் வெள்ளைக் கோட்டை மட்டும் மூன்று வாரமாகப்
பட்டாளம் பக்கம் வேறு வண்டியில் போட்டேன்.
அவருக்குத் தெரியும்.
கேட்கவில்லை.

நேற்றுதான் எடுத்துப் போனேன்.
வண்டி இப்போது அடுத்த தெருவில், ஒரு புங்கமரத்தடியில்.
விரலுக்குப் பதிலாக ஈரத்துணியை ஒற்றி
உஸ்ஸென்ற சத்தத்தை வைத்துச் சூடு பார்க்கிறார்,
கீறல் ஆறின காதைச் சாய்த்து.
காலரை இரண்டு தடவை தேய்த்தார்.
"மண்ணுல என்ன மேடம் இருந்துச்சு?"
"இன்னும் தெரியலண்ணே."
பாதி பொய்.

பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினேன்.
"வண்டி மேல வெச்சிடுங்க, எல்லாரும் அப்படித்தான்."
கையை நீட்டச் சொல்லி வைத்தேன்.
உள்ளங்கை கரிச்சூட்டில் கொதித்தது.
விரல் நுனிகள் மட்டும் சில்லென்று.
காசு பட்டது தெரிந்ததா என்று
நான் கேட்கவில்லை.