வானம் பார்த்த தகரம்

மார்கழி பதினொன்று. கொழுமத்துக்குத் தெற்கே
ஒரு துண்டு மேகம் கிடையாது.
காற்றாலைகள் தூக்கிய கையோடு நின்றுவிட்டன.
எங்கள் புழு மனைக்குள் மட்டும் மழை.

முதலில் நம்பவில்லை.
நாலாம் தூக்கம் கலைந்து எழுந்த புழுக்கள்
இலை தின்னும் சத்தமே தூறல் சத்தம்தான்.
காது ஏமாறுகிறது என்று
புரண்டு படுத்தேன்.
புறங்கையில் விழுந்தது ஒரு சொட்டு,
சில்லென்று, துரு வாசத்தோடு.

விடிந்ததும் தீபன் ஏணி போட்டு ஏறினார்.
ஆணி ஆணியாக எம்சீல்.
நூற்று நாற்பத்தாறு ஆணி.
"இனி ஒரு சொட்டு எறங்கட்டும் பாக்கலாம்" என்றார்,
கும்பாபிஷேகம் முடித்து இறங்கியவராட்டம்.
நான் என் பங்குக்கு, குளிருதே என்று,
ஜன்னல் அத்தனைக்கும் பாலித்தீன் கட்டினேன்
ஓரம் மடக்கி, குச்சி செருகி,
எறும்பு மூச்சு நுழையாதபடி.

அன்று ராத்திரி அடைமழை.

மூன்றாம் நாள் ஈரப் படுக்கையில்
ஏழெட்டுப் புழு விறைத்துக் கிடந்தது.
சுண்ணாம்புக்கட்டி.
விரலால் சுண்டினால் டக்கென்கிறது.
பையனின் சிலேட்டில் எழுதலாம் போல.
மறுநாள் அது ஒரு சொளவு.

தகரம் போட்ட கிட்டுச்சாமிக்குப் போன் அடித்தோம்.
பஸ் இரைச்சலுக்குள்ளிருந்து சொன்னார்:
"ஓட்டையே இல்லீங்களே அக்கா,
அதானுங்க சங்கடம்."

வைத்துவிட்டார். எனக்குக் கோபம்.
கோபத்தோடு சோற்றுப் போசியைத் திறந்தேன்.
மூடியின் அடியில் முத்து முத்தாக வேர்வை.
சாய்த்தேன், உருண்டு ஓடி
மணிக்கட்டு வரைக்கும் வந்தது.

நாளைக்கு நானூறு கிலோ தண்டு வெட்டிப் போடுகிறோம்.
இலையில் முக்கால்வாசி தண்ணீர்.
புழு இலையை வைத்துக்கொண்டு
தண்ணீரை விட்டுவிடுகிறது.
அது எங்கே போகும்?
நாற்பதாயிரம் மூச்சு ஏறிப்போய் முட்டும் இடத்தில்
நகக்கண் கனம்கூட இல்லாத ஒரு தகடு.
தகட்டுக்கு மேலே நட்சத்திரம்.
நடுவே ஒன்றுமில்லை.
பகலெல்லாம் தோசைக்கல்லாகக் காய்ந்தது
ராத்திரி அத்தனை சூட்டையும்
வானத்துக்கு வாரிக் கொடுத்துவிட்டுச்
செத்தவன் நெற்றியாட்டம் கிடக்கிறது.

மேற்கே மொச்சை விதைத்த ரெண்டு ஏக்கரும்
வானம் பார்த்த பூமிதான்.
ஐப்பசியும் ஏமாற்றிப் போனது.
அண்ணாந்து அண்ணாந்து பார்த்தும் அதற்கு வராதது
இந்தத் தகரத்துக்கு
ஒரு ராத்திரி பார்த்தாலே வந்துவிடுகிறது.

பாலித்தீனை நானே கிழித்தேன். குளிர் வரட்டும்.
முகட்டில் தகரத்தை வட்டமாக அறுத்து
உருளைக் காற்றாடி ஒன்றை உட்கார வைத்தோம்.
காட்டில் பெரிய காற்றாடிகள் தூங்க
இது மட்டும் உள்சூட்டில்
மெல்ல மெல்லத் திரும்பியது,
கழுத்து சுளுக்கியவன் மாதிரி.

பிறகு கீற்று. அறுநூறு. ஒன்று பதினாலு ரூபாய்.
"கீத்து வேண்டாம்னுதானே தகரம் போட்டோம்?
ஊர்ல என்ன கேப்பாங்க?"
"மழைக்கில்லீங்க.
தகரத்துக்கு வானம் தெரியக் கூடாது. அவ்வளவுதான்."
ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார்.
அப்புறம் கயிற்றை எடுத்துக்கொண்டு ஏறினார்.

நாலு மணிக்கு டார்ச் அடித்தேன்.
தகரத்தின் அடிவயிறு காய்ந்திருந்தது.
காய்ந்த சுண்ணாம்புத் தூள் மேல்
புழுக்கள் தலை தூக்கி ஆட்டின,
இன்னும் நாலு நாளில் கூடு கட்டும்.
போனது போக எத்தனை கிலோ தேறும் என்று
அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வடமேற்கு மூலையில் மட்டும்
கீற்று ஒரு முழம் பற்றவில்லை.
அங்கே வரிசையாகத் துளிகள்,
விழலாமா என்று யோசித்தபடி.
போசியை நகர்த்தி வைத்தேன்.
டொக்.
தூக்கம் வரும் வரை எண்ணினேன்.

விடிந்தபோது அரை டம்ளர் இருந்தது.
கொண்டுபோய் மொச்சைக்கு ஊற்றினேன்,
வரப்போரம் இருந்த
ஒரே ஒரு செடிக்கு.